எந்த ஊர்ச் சிவப்பு

6 ஏப்ரல் 1976

படம் முடிந்துவிட்டதாம். காலையில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு அவரே சொன்னார். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதில் பாதி பிரஷ் கழுவப் போகிறது. இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பிறகு அவர் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு அது.

ஆறடி அகலம். சட்டத்தை அறைக்குள்ளேயே வைத்து அடித்துவிட்டார். இனி அது இந்த மாடிப்படியில் இறங்காது. துணி அலமாரியின் ஒரு கதவையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. என் ஆபீஸ் புடவைகள் எல்லாம் அந்தப் பக்கம்.

முக்கால் படம் சிவப்பு. செங்கல் நிறம், மிளகாய் வற்றல் நிறம், காய்ந்த ரத்தத்தின் நிறம், எல்லாவற்றையும் பிரஷால் பூசாமல் சின்னக் கத்தியால் தடிக்கத் தடிக்க அப்பியிருக்கிறார். சிவப்பு ஒரு பக்கம் மேடாக ஏறி, மறுபக்கம் சரிந்து, திரும்பவும் ஏறுகிறது. மேலே ஒடுக்கமாக ஒரு சாம்பல் வெளிச்சம். சூரியன் கிடையாது. நெட்டுக்குத்தாகச் சில கறுப்புக் கீறல்கள். இடது கோடியில் கையகலத்துக்குச் சாயத்தைச் சுரண்டி எடுத்து, வெறும் துணியாக விட்டிருக்கிறார்.

“என்னது இது?” என்று கேட்டேன்.

“நிலம்.”

“எந்த நிலம்?”

அவர் கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

8 ஏப்ரல்

பாயைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன். டர்பன்டைன் வாடைக்குத் தலை வலிக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

11 ஏப்ரல், ஞாயிறு

துணி துவைத்தேன். பெங்களூருக்குக் கொண்டுபோன சட்டையை இத்தோடு மூன்று தடவை துவைத்தாயிற்று. காலர் மடிப்பைப் பிரித்துத் தேய்த்தால் தண்ணீர் இன்னமும் சிவப்பாக ஓடுகிறது. சாயம் இல்லை, மண். அந்த ஓவியர் முகாம் ஒரு காலேஜ் கட்டடத்தில் நடந்தது என்றுதான் சொன்னார்.

கேட்கவில்லை. அவர் சரியாகத் தூங்குவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் முகத்தையே பார்க்கிறார், நான் பார்த்தால் தட்டைப் பார்க்கிறார்.

14 ஏப்ரல்

கீழ் வீட்டுச் சம்பூரணம்மா, எங்கள் ஹவுஸ் ஓனர், வருஷப் பிறப்புக்குச் செய்த மாங்காய்ப் பச்சடியோடு மேலே வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா இது, வூடு பத்திக்கிச்சா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெருக்கோடி அச்சாபீஸ்காரரப் போலீஸ் இட்டுனு போயிடுச்சாம். எதுவோ நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தாராம். இப்பல்லாம் எதுக்குப் புடிக்கிறாங்க, எதுக்கு வுடறாங்கன்னே தெரியல. வாயத் திறக்கவே பயமா கீது.”

என் வீட்டுக்காரர் பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். இனிப்பு அதிகம் என்றார்.

19 ஏப்ரல்

சாயங்காலம் வந்தார்கள். ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள். செருப்பைக் கழற்றவில்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு துண்டு நோட்டீஸை எடுத்தார். மில் தொழிலாளர் சங்கத்து நோட்டீஸ். அதில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கையின் படம்.

“நீ வரைஞ்சதா?”

“ஆமா சார். போன வருஷம்.”

“யாரு கேட்டு வரைஞ்சே?”

“அச்சாபீஸ்ல கேட்டாங்க.”

“கதிர்னு ஒருத்தன் கேட்டான். அச்சாபீஸ்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான். மில்லை நிறுத்தினவன், வாரன்ட் இருக்கு, ரெண்டு மாசமா ஆள் இல்ல. எங்க இருக்கான்?”

“தெரியாது சார்.”

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“இது என்ன?”

“படம் சார்.”

“படம்னு எனக்கும் தெரியுது. என்ன படம்?”

“நிலக்காட்சி.”

“எந்த இடம்?”

“இடம்னு எதுவும் இல்ல சார். மனசுல தோணுனது.”

“இடம் இல்லாம நிலம் ஏதுய்யா?” எழுந்து போய்க் கறுப்புக் கீறல்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “இது என்ன, தந்திக் கம்பமா? இந்த வளைவு தண்டவாளமா? எதை எங்க வைக்கணும்னு போட்ட பிளானா?”

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

“சட்டையைப் போட்டுக்கோ” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் போட்டுக்கொண்டார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, “அடுப்புல பால் இருக்கு, பொங்கிடும்” என்றார்.

பால் பொங்கவில்லை. சரியான நேரத்தில் இறக்கிவிட்டேன்.

20 ஏப்ரல்

ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். ரைட்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆபீசில் அவருக்கு டைபாய்டு என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கஞ்சி எப்படி வைப்பது என்று சொல்லித் தருகிறார்கள்.

22 ஏப்ரல்

இந்த நோட்டை இனி என் ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்வேன். கார்பன் தாள்களுக்கு அடியில்.

எனக்குக் கதிர் என்று யாரையும் தெரியாது. இது பொய்யில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். அம்மா வயலுக்குப் போய்விட்டால் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடமே போவேன்.

இதை எழுதியிருக்கக் கூடாது. நாளை இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

23 ஏப்ரல்

கிழிக்கவில்லை.

25 ஏப்ரல், ஞாயிறு

வீட்டில் நானும் படமும் மட்டும். சாப்பிடவில்லை. மத்தியானம் முழுவதும் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

எனக்கு ஏன் இது பிடிக்கவில்லை என்று முதல் நாளே தெரியும். உள்ளங்கால் சுட்டது. அந்த மண்ணில் செருப்பில்லாமல் ஓடினவளுக்குத்தான் அது சுடும். பனை பாதி புதைந்து நிற்பதும், காற்று மண்ணைத் தள்ளித் தள்ளி மேட்டை இடம் மாற்றுவதும் எனக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கமே போனதில்லை. எங்கள் கல்யாணம் வீட்டுக்குத் தெரியாமல் மெட்ராஸில் நடந்தது. பிறகு ஊரில் எங்களைச் சேர்க்கவில்லை. நான் சொல்லிக்கூட அவருக்கு அந்த மண்ணைப் பற்றித் தெரியாது. பார்க்காமல் இப்படி வரைய முடியாது.

அப்படியென்றால் அங்கே போயிருக்கிறார். அங்கே போக அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவனைப் பார்த்திருக்கிறார். எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா, தாடி வைத்திருக்கிறானா, எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பயம் அப்புறம் வந்தது. இன்ஸ்பெக்டர் முட்டாள்தனமாகக் கேட்ட கேள்விக்கு உண்மையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

27 ஏப்ரல்

மறுபடி வந்தார்கள். இன்ஸ்பெக்டரோடு இந்தத் தடவை ஒரு புதுக் கான்ஸ்டபிள். இருபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த கறுத்த உடம்பு.

“உன் பேரு?”

“கனி.”

“சொந்த ஊரு?”

“செங்கல்பட்டுங்க.”

அது அவருடைய ஊர். மாமியார் பேசுவதை ஏழு வருஷமாகக் காதில் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையையும் வாயில் வைத்துப் பார்த்து வெளியே விட்டேன். “அவரு உண்டு, அவரு படம் உண்டுன்னு இருப்பாருங்க. வெளி ஆளுங்க யாரும் வர மாட்டாங்க.”

இன்ஸ்பெக்டர் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு, “தீப்பெட்டி எங்கம்மா?” என்றார்.

“அந்தா இருக்கு சார், அடுப்புக்கிட்ட.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. செங்கல்பட்டில் ஒருத்தரும் ‘அந்தா’ என்று சொல்ல மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அது உறைக்கவில்லை. கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தான். அதுவரை அவன் படத்தின் முன்னால் நின்றிருந்தான். வெயிலில் நிற்கிறவனைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

29 ஏப்ரல்

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

“நீ கவர்மென்ட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். உனக்கு எதுக்கு இந்த வம்பு? அந்தப் படம் எந்த இடம்னு மட்டும் சொல்லு. இன்னிக்குச் சாயந்திரமே உன் புருஷன ரிக்‌ஷாவுல ஏத்தி அனுப்புறேன்.”

“தெரியாதுங்க.”

“பொண்டாட்டிக்குத் தெரியாம ஒருத்தன் வீட்டுக்குள்ள இத்தாப்பெரிய படம் போடுவானா?”

உள்ளே எங்கோ யாரோ இருமினார்கள். அவருடைய இருமல் இல்லை. அவருடைய இருமல் இல்லை என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

2 மே, ஞாயிறு

இன்று ஸ்டேஷன் வாசல்வரை போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். ஏன் போனேன் என்பதை எழுதப் போவதில்லை.

3 மே

அவனிடமே கேட்டால், சொல்லிவிடு அக்கா என்றுதான் சொல்வான். மாமாவை வெளியே கொண்டுவா, என்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பான். அவன் அப்படிச் சொல்வான் என்று தெரிவதால்தான் சோடாக் கடையோடு திரும்பினேன். அடுத்த தடவை திரும்புவேனா என்று தெரியவில்லை.

5 மே

ஆபீசிலிருந்து வந்தபோது அந்தக் கான்ஸ்டபிள் படிக்குக் கீழே நின்றிருந்தான். தனியாக. சம்பூரணம்மா கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் வைத்துப் பேச முடியாது. மேலே போனேன், அவனும் பின்னாலேயே வந்தான். நான் கதவைத் திறந்தே வைத்தேன்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா.”

கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான்.

“வெறும் கனியா, முன்னால ஏதும் உண்டா?”

நான் திறந்த கதவுப் பக்கம் பார்த்தேன்.

“எங்க பக்கம் வெறும் கனின்னு யாரும் பேரு வைக்க மாட்டாவ. புஷ்பக்கனி, ஜெயக்கனி, தங்கக்கனின்னு ஏதாவது ஒட்டிக் கெடக்கும். எங்க மதினி பேரு பால்க்கனி.”

என் பெயர் தங்கக்கனி.

“நான் செங்கல்பட்டுங்க” என்றேன்.

“சரிக்கா, செங்கல்பட்டு.” சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைக் காட்டினான். “இது தேரிதான? மேல்காத்துக்கு மண்ணு அங்ஙன ஏறி இங்ஙன சரியுது. பனை முங்கிக் கெடக்கு. எங்க வீட்டுல இருந்து நடந்தா ஒரு மணி நேரம். நான் பொறந்ததுல இருந்து பாக்கேன்.”

தேரி. ஒரு மாசமாக நான் மனசுக்குள்கூடச் சொல்லாத வார்த்தை. திருச்செந்தூருக்கு மேற்கே மைல் கணக்கில் கிடக்கும் அந்தச் செம்மணல் காட்டுக்கு வேறு பெயர் கிடையாது.

“இன்ஸ்பெக்டர் இதப் போட்டோ புடிச்சு எல்லா ஜில்லாவுக்கும் அனுப்பப் போறாவ. அடுத்த வாரம் போட்டோக்காரன் வருவான். கறுப்பு வெள்ளைதான், சிவப்பு விழாது. ஆனா மேடும் பனையும் விழும்லா? தெக்க உள்ள ஏட்டையா எவர் பாத்தாலும் ஒரே பார்வையில சொல்லிருவாவ.” தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். “அதக் கலைச்சிருங்கக்கா.”

“எதுக்குக் கலைக்கணும்? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“நான் தண்ணி குடிக்கத்தான் வந்தேன். எம் பேரு லிங்கத்துரை.”

6 மே

கலைத்தால், ஏன் கலைத்தாய் என்று கேட்பார்கள். இன்ஸ்பெக்டரே அவனை அனுப்பியிருக்கலாம். ஊர்ப் பேச்சைப் பேசி, அக்கா என்று கூப்பிட்டு, என் கையாலேயே என்னை ஒப்புக்கொள்ள வைப்பதற்கு. கலைக்காவிட்டால் போட்டோ தெற்கே போகும். அவன் சொன்னது உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் நான் மாட்டிக்கொள்கிறேன்.

ஆபீசில் ஒரே கடிதத்தை நான்கு முறை பிழையாக அடித்தேன்.

7 மே

சம்பூரணம்மா படியில் வழி மறித்தார். “உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அவரு இல்லாத வூட்டுக்குப் போலீஸ்காரன் தனியா வந்து போறான். நாலு பேரு கேக்குறாங்க. ஆடி பொறக்குறதுக்குள்ள வேற வூடு பாத்துக்கோ.”

சரி என்றேன். நியாயம்தான். அவருக்கும் பயம்.

9 மே, ஞாயிறு

செய்துவிட்டேன்.

காலையில் குளித்துவிட்டு அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டேன். எனக்குக் கோலத்தைத் தவிர ஒன்றும் போடத் தெரியாது. அவருடைய கத்தியை எடுத்து மேட்டின் மேல் வைத்து இழுத்தேன். மேலே காய்ந்தது போலிருந்த சாயம் ஆடைபோல் கிழிந்து, அடியிலிருந்து ஈரச் சிவப்பு வெளியே வந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்க முடிந்தது.

மேட்டையெல்லாம் சுரண்டித் தட்டையாக்கினேன். பனைகள் மேல் வெள்ளையும் நீலமும் பூசினேன். நீலம் சிவப்போடு கலந்து சேறாகிவிட்டது. வெள்ளை கலந்த இடம் கறிக்கடைத் துண்டு மாதிரி ஆனது. நிறத்தைப் பற்றிக் கவலையில்லை, கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு குறுக்குவாட்டில் நீளம் நீளமாக இழுத்துக்கொண்டே போனேன். ஒரு பச்சை டியூப் முழுவதும் தீர்ந்துபோயிற்று. இடது கோடியில் சாயமில்லாமல் கிடந்த இடத்தையும் நிரப்பினேன்.

விளக்கு வைப்பதற்குள் தேரி போய்விட்டது. இப்போது மழை நாளில் ஏரி கிடப்பது போல இருக்கிறது. ஒரு இடத்தில்கூட நிழல் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை.

அவருடைய படத்தை அழிக்கிறோம் என்று ஏனோ தோன்றவில்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது அவனைப் பாய்க்கு அடியில் படுக்கவைத்து மூடிவிட்டு, யார் கேட்டாலும் தெரியாது என்று நிற்பேன். அப்படித்தான் இருந்தது.

நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. நாளை மருதாணி வைத்துக்கொண்டு ஆபீஸ் போக வேண்டும்.

12 மே

நல்லவேளை, இன்ஸ்பெக்டர் வரவில்லை. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு போட்டோக்காரர், லிங்கத்துரை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “செக்கச் செவேல்னு இருக்கும்னு அய்யா சொன்னாரே?”

மருதாணிக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“சிவப்பு உள்ளதான சார்” என்றான் லிங்கத்துரை. “அடியில பாருங்க. அன்னிக்கு லைட்டு வெளிச்சத்துல கூடத் தெரிஞ்சுது.”

“நீ அன்னிக்கு வந்தியா?”

“ஆமா சார். இதேதான்.”

போட்டோக்காரர் ஜன்னலைத் திறந்தார். “பளபளன்னு அடிக்குது சார். ஈரமா இருக்குமோ?”

சப்-இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார். எங்கிருந்து எனக்குக் குரல் வந்ததோ தெரியவில்லை. “தொடாதீங்க சார், ஒட்டிக்கும். எண்ணெய்ச் சாயம். தடிச்சாப்புல பூசினா மாசக்கணக்குல காயாதுங்க.” அது உண்மைதான். ஏழு வருஷமாக என் புடவையில் ஒட்டாத படமே இல்லை.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். மூன்று தடவை வெளிச்சம் அடித்தது. போகும்போது லிங்கத்துரை முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினான். அவன் கழுத்தெல்லாம் வேர்வை.

அவன் என்னைச் சிக்கவைக்க வந்தவன் இல்லை. அல்லது இன்னும் பொறுத்திருக்கிறான்.

20 மே

ஒரு தகவலும் இல்லை. அக்னி வெயில். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன். எதற்கு அடுப்பை அணைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

28 மே

வயிறு சரியில்லை. லீவு.

3 ஜூன்

வந்துவிட்டார்.

சாயங்காலம் நான் வரும்போது படியில் உட்கார்ந்திருந்தார். சாவி இல்லாததால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தார். சம்பூரணம்மாதான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டு இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோட்டீஸுக்கு எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்களாம். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஒத்தடம் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

6 ஜூன், ஞாயிறு

காலையில் கஞ்சி குடித்து முடித்தபின் கேட்டார்.

“நீயா செஞ்சே?”

“நான்தான். தேரின்னு கண்டுபிடிச்சுடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. அவன் மாட்டிக்குவான்னு பயந்துட்டேன்.”

அவர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “நான் பெங்களூர் போகல கனி.”

“தெரியும். சட்டையில மண் இருந்துச்சு.”

“கேக்கவே இல்லியே நீ?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். பரவால்ல. இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கான்? ரொம்ப இளைச்சுட்டானா?”

அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. அடி பட்ட இடம் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நான் அவனப் பாக்கல.”

“அங்க போனீங்களே?”

“மாசி மாசம் காமாலை வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா புடிச்சுடுவாங்கன்னு அவனே வேணாம்னுட்டானாம். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருக்காங்க. கண்ணெல்லாம் மஞ்சளாகி, நெனவு தப்பி...” அவர் மூச்சு விட்டுக்கொண்டார். “தகவல் வந்து நான் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மண்ணு போட்டுட்டாங்க கனி.”

“எங்க?” என்று கேட்டேன். நான்தான் கேட்டேனா என்று தெரியவில்லை.

அவர் படத்தின் இடது கோடியைப் பார்த்தார். உடனே கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தெனமும் சொல்லணும்னுதான் காலைல எழுந்துப்பேன். நீ ஆபீஸ் பைய எடுத்துட்டுப் புறப்படுவே. சாயந்திரம் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன். அப்புறம் வாயே வரல, படம்தான் வந்துச்சு. அவனை வெச்சிருந்தவங்க பனையேறுற குடும்பம். சின்னக் குழந்தைங்க இருக்கு. அவன் செத்தது தெரிஞ்சா தோண்டிப் பாத்துட்டு அந்தக் குடும்பத்தையே அள்ளிக்கினு போயிருப்பாங்க. நீ அழுதா இந்தத் தெருவுக்கே தெரியும்.”

“உள்ள என்ன கேட்டாங்க?”

“அவன் எங்கன்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“தெரியாதுன்னேன்.”

கீழே சம்பூரணம்மா வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சத்தம் வெளியே போகவில்லை.

7 ஜூன்

ஆபீஸ் போனேன். நிறையக் கடிதங்கள். ஒரு பிழைகூட இல்லை என்று சூப்பரிண்டெண்ட் பாராட்டினார்.

13 ஜூன், ஞாயிறு

பகல் பதினொரு மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். வேட்டி சட்டையில் நின்றதால் யாரென்று முதலில் தெரியவில்லை. லிங்கத்துரை.

“பயப்படாதீங்கக்கா. ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாவ. நாளைக்குப் போறேன். சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.” உள்ளே எட்டிப் பார்த்தான். அவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “போட்டோவ தெக்க அனுப்பிப் பாத்துட்டாவ. அப்பிடி ஒரு எடமே இல்லன்னு எல்லாரும் எழுதிட்டாவளாம். அதோட அத விட்டாச்சு.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“இல்லக்கா. ஆனா அன்னைக்கு எஸ்.ஐ.கிட்ட பொய் சொன்னதுல இருந்து எனக்கு உறக்கமே இல்ல. ஜோலி போயிரும், ஜெயிலுல போட்டுருவாவன்னு ஒரே பயம். எங்க வீட்டுக்காரி முழுகாம இருக்கா.” கையைப் பிசைந்துகொண்டான். “யாருக்காகச் சொன்னேன்னுகூட எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லணும்னு இல்ல. அங்ஙன இருக்கது யாருக்கா?”

“என் தம்பி” என்றேன்.

ஏப்ரலிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

அவன் தலையை ஆட்டினான். முன்பே தெரிந்ததைக் கேட்டவன்போல ஆட்டினான். “நல்லா இருக்காவளா?”

அந்தப் பனையேறியின் குழந்தைகள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். அதை நினைத்தேன். ஆனால் அதற்காக மட்டும் நான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். அவன் முகம் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. உறக்கமில்லாமல் கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

“நல்லா இருக்காம்ப்பா” என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னேன். “வேளாவேளைக்குச் சாப்புடுதான். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கான்.”

“போதும்க்கா” என்றான். ஒரு பெருமூச்சு விட்டுச் சிரித்தான். பல் வரிசை அழகாக இருந்தது. “எனக்கு அது போதும். இன்னைக்கு நான் உறங்கிருவேன்.”

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருமுனையில் திரும்புவதற்கு முன் ஒரு தடவை நின்று கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.